கருவிலுள்ள குழந்தையின் உடலில் நீர் கோத்தால்: காரணத்தைத் தேடும் ஸ்கேன்

இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பகுதிகளிலிருந்து கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும் தாய்மார்களுக்கு ‘இரத்தசோகை’ என்னும் சொல் புதிதன்று. பரிசோதனைக்கு வரும்போது ஹீமோகுளோபின் அளவு பார்க்கப்படுகிறது. குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. வீட்டுப் பெரியவர்கள் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் உண்ணச் சொல்கிறார்கள். ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வெளியே வரும் ஒரு தாயிடம், “இரத்தசோகை உங்களுக்கு அன்று, கருவிலுள்ள குழந்தைக்கு இருக்கலாம் என்று ஐயப்படுகிறோம். குழந்தையின் உடலில் நீர் கோத்திருக்கிறது” என்று சொல்லப்படும்போது குடும்பமே திகைத்துப் போகிறது.

அந்தத் திகைப்பில் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. நான் மாத்திரையை ஒழுங்காக உண்ணாததாலா? படி ஏறியதாலா? கிரகணத்தன்று வெளியே வந்ததாலா? எங்கள் தெருவில் வீசும் ஆலைப்புகையாலா? ஏறத்தாழ எல்லாக் கேள்விகளும் தாயின் மேல் பழியைச் சுமத்துபவை. உண்மையில் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த நீர் ஏன் கோத்தது? அதற்கு விடை தேடும் வழிமுறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். காரணம் தெரிந்தால்தான் சிகிச்சை உண்டா, எத்தகைய சிகிச்சை, எவ்வளவு விரைவில் என்பவற்றை முடிவு செய்ய இயலும்.

நீர்க்கோப்பு நோயன்று, அறிகுறி

உங்கள் ஸ்கேன் அறிக்கையில் இது ‘ஹைட்ராப்ஸ் ஃபீட்டாலிஸ்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். கருவிலுள்ள குழந்தையின் தோலுக்கு அடியிலோ, வயிற்றறையிலோ, நுரையீரலைச் சுற்றியோ, இதயத்தைச் சுற்றியோ நீர் தேங்கக்கூடும். இவற்றுள் இரண்டு இடங்களிலேனும் நீர் தேங்கியிருந்தால் அதனை நீர்க்கோப்பு என்கிறோம். பனிக்குட நீர் மிகுந்திருப்பதும் நஞ்சுக்கொடி தடித்திருப்பதும் இதனோடு சேர்ந்து காணப்படலாம்.

காய்ச்சல் எவ்வாறு ஒரு நோயின் பெயராகாதோ, அவ்வாறே நீர்க்கோப்பும் ஒரு நோயின் பெயராகாது. காய்ச்சலுக்குப் பின்னால் மலேரியாவும் இருக்கலாம், சாதாரணச் சளியும் இருக்கலாம். நீர்க்கோப்புக்குப் பின்னாலும் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் சில முற்றிலும் குணமாகக்கூடியவை. சில ஓரளவு சிகிச்சைக்கு உட்படுபவை. சிலவற்றுக்கு இன்றுவரை மருந்தில்லை. ஸ்கேன் திரையில் முதற்பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆகவே, “நீர் கோத்திருக்கிறது” என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நம்பிக்கையை முழுதும் கைவிடவும் வேண்டாம். “பிறந்தால் சரியாகிவிடும்” என்று வீட்டில் காத்திருக்கவும் வேண்டாம்.

தாயின் இரத்தசோகை வேறு, குழந்தையின் இரத்தசோகை வேறு

தாயின் இரத்தமும் குழந்தையின் இரத்தமும் நஞ்சுக்கொடியில் அருகருகே ஓடுகின்றன, ஆனால் கலப்பதில்லை. உயிர்வளியும் ஊட்டமும் மெல்லிய தடுப்பைக் கடந்து குழந்தையை அடைகின்றன. தாய்க்கு இரும்புச்சத்துக் குறைந்திருந்தாலும் குழந்தை தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் ஈர்த்துக்கொள்கிறது. எனவே தாயின் ஹீமோகுளோபின் 9 கிராமாக இருந்தால் குழந்தைக்கும் அப்படியே இருக்கும் என்று கொள்ளக்கூடாது. தாய்க்கு 12 கிராம் இருப்பதால் குழந்தைக்குக் குறைவில்லை என்று கருதுவதும் தவறு.

குழந்தையின் இரத்தசோகை பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கிறது. சிவப்பணுக்கள் அழிக்கப்படுகின்றன, அல்லது போதிய அளவு உற்பத்தியாவதில்லை, அல்லது இரத்தம் வேறெங்கோ வெளியேறிவிடுகிறது. இரத்தம் மிகவும் நீர்த்துப் போகும்போது, குறைந்த சிவப்பணுக்களைக் கொண்டே உடல் முழுவதற்கும் உயிர்வளியைக் கொண்டுசெல்ல இதயம் கடுமையாக உழைக்கிறது. ஒரு கட்டத்தில் அது களைத்துவிடுகிறது. கல்லீரலும் சிவப்பணு உற்பத்தியில் முழுமூச்சாக ஈடுபட்டு வீங்குவதால், இரத்தத்திலுள்ள புரதம் குறைகிறது. அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடலறைகளில் தேங்குகிறது. குழந்தையின் ஹீமோகுளோபின் பொதுவாக 5 கிராமுக்குக் கீழ் சென்ற பின்னரே இந்நிலை தோன்றும். அதாவது, நீர்க்கோப்பு தோன்றும்போது இரத்தசோகை முற்றிவிட்டது என்றே பொருள். அதற்கு முன்னரே கண்டறிய வழியுண்டா என்பதுதான் மருத்துவர்களை நெடுங்காலம் வருத்திய கேள்வி.

ஊசியின்றி இரத்தசோகையை அறியும் முறை

கெட்டியான கூழைக் குவளையிலிருந்து ஊற்றினால் மெல்ல இறங்கும். நீர்மோர் சட்டென்று ஓடிவிடும். இரத்தமும் அவ்வாறே. சிவப்பணுக்கள் குறைந்து நீர்த்த இரத்தம் குழாய்களில் விரைந்து ஓடுகிறது. இதயமும் அதனை வேகமாகத் தள்ளுகிறது. டாப்ளர் ஸ்கேன் இந்த வேகத்தை அளக்கிறது. தாயின் வயிற்றின்மேல் வைக்கப்படும் அதே கருவியைக் கொண்டு, குழந்தையின் மூளைக்குச் செல்லும் நடுத்தமனியில் இரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்க்கிறார்கள். அறிக்கையில் இது ‘எம்.சி.ஏ. – பி.எஸ்.வி.’ என்னும் எழுத்துகளால் குறிக்கப்படும்.

கருவின் வயது கூடக்கூட இவ்வேகமும் இயல்பாகவே கூடும். 24ஆம் வாரத்தில் நடுநிலை அளவு நொடிக்கு ஏறத்தாழ 31 சென்டிமீட்டர். 30ஆம் வாரத்தில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். அந்தந்த வாரத்திற்குரிய நடுநிலை அளவைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், நடுத்தரமான அல்லது கடுமையான இரத்தசோகை இருக்கலாம் என்று கொள்ளப்படுகிறது. 24ஆம் வாரத்தில் இந்த எல்லை ஏறத்தாழ 46 சென்டிமீட்டர். எனவே கருவின் வாரக்கணக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கையை மருத்துவர் மீண்டும் மீண்டும் கேட்பதன் காரணம் இதுவே.

இந்த அளவுகோலை ஜியான்கார்லோ மாரியும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தாயின் எதிர்ப்புப் புரதங்களால் இரத்தசோகை ஏற்படும் வாய்ப்புள்ள 111 கருக்களை அவர்கள் ஆராய்ந்தனர். நடுத்தரமான அல்லது கடுமையான இரத்தசோகை உள்ள எந்தக் கருவையும் டாப்ளர் தவறவிடவில்லை. எனினும் நூற்றுக்குப் பன்னிரண்டு என்னும் அளவில் தவறான எச்சரிக்கையும் தந்தது. அதற்கு முன்னர், பனிக்குடத்தில் ஊசி செலுத்தி நீரை எடுத்து, அதிலுள்ள மஞ்சள் நிறமியை அளந்தே இரத்தசோகையைக் கணித்தார்கள். 2006ஆம் ஆண்டில் 165 கருக்களைக் கொண்டு இரு முறைகளையும் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், டாப்ளர் 88 விழுக்காடும் பனிக்குட நீர்ப் பரிசோதனை 76 விழுக்காடும் கடும் இரத்தசோகையைக் கண்டறிந்தன. ஊசியும் அதனால் வரும் இடரும் இல்லாத முறையே மேலானதாகவும் அமைந்தது.

இவ்விரு ஆய்வுகளும் நமக்கு உணர்த்துவது: டாப்ளர் மிகச் சிறந்த காவலாள், ஆனால் தவறே செய்யாத காவலாள் அன்று. 35ஆம் வாரத்திற்குப் பின் அதன் நம்பகத்தன்மை குறைகிறது. குழந்தை அசையாமல் இருக்கும் நேரத்தில், சரியான கோணத்தில் அளக்க வேண்டும். “நேற்றுத்தானே பார்த்தீர்கள், இன்று மறுபடியும் ஏன்?” என்று சலிப்படைய வேண்டாம், ஒரே ஓர் அளவைக் காட்டிலும் அது ஏறிச்செல்லும் போக்கே மருத்துவருக்கு உண்மையைச் சொல்கிறது.

விரிவான ஸ்கேனில் என்ன தேடப்படுகிறது?

நீர்க்கோப்பு தெரிந்தவுடன் செய்யப்படும் ஸ்கேன் வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுக்கும். ஸ்கேன் செய்பவர் பேசாமல் இருப்பது கெட்ட செய்தியை மறைப்பதற்காக அன்று. ஒன்றன்பின் ஒன்றாகப் பலவற்றைச் சரிபார்த்துக் கொண்டிருப்பதால்தான்.

முதலில் டாப்ளர். வேகம் கூடியிருந்தால் தேடல் இரத்தசோகையின் காரணங்களை நோக்கித் திரும்புகிறது. இயல்பாக இருந்தால் வேறு காரணங்களை நோக்கித் திரும்புகிறது.

அடுத்து இதயம். அதன் நான்கு அறைகள், வால்வுகள், துடிப்பின் ஒழுங்கு ஆகியன பார்க்கப்படும். நிமிடத்திற்கு 200க்கு மேல் இடைவிடாது துடிக்கும் இதயம் களைத்து நீர்க்கோப்பை உண்டாக்கலாம். 60க்கும் கீழே மெதுவாகத் துடிக்கும் இதயமும் அவ்வாறே. பின்னதற்குத் தாயின் இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம் காரணமாக இருக்கலாம். அத்தாய்க்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலும் இருக்கலாம்.

பின்னர் நெஞ்சறை. நுரையீரலில் கட்டி போன்ற வளர்ச்சியோ, நிணநீர்த் தேக்கமோ இதயத்தை அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் கழுத்து, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி, சிறுநீரகங்கள், கைகால்கள். தொடர்ந்து நஞ்சுக்கொடி: அதில் இரத்தக் குழாய்க் கட்டி ஏதேனும் உள்ளதா? இரட்டைக் குழந்தைகளாயின், இரண்டும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கின்றனவா? அவ்வாறு பகிரும்போது ஒரு குழந்தையின் இரத்தம் மற்றொன்றுக்கு மெல்ல வடிந்து, ஒன்று வெளுத்தும் மற்றொன்று சிவந்தும் போகக்கூடும். இரு குழந்தைகளுக்கும் தனித்தனியே டாப்ளர் பார்ப்பது இதற்காகவே.

சில வேளைகளில் எம்.ஆர்.ஐ. படமும் எடுக்கப்படும். மூளையில் இரத்தக்கசிவு உள்ளதா, நெஞ்சறைக் கட்டி எவ்வளவு பெரிது என்பன அதில் தெளிவாகும். அல்ட்ராசவுண்ட் ஒலியலைகளால் இயங்குவது; எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தால் இயங்குவது. இரண்டிலும் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. எனவே திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தால் குழந்தைக்குக் கதிர்வீச்சுப் பட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது.

இந்த ஸ்கேன்களில் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். உங்களிடம் அடையாள அட்டை பெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்குவதும் அச்சட்டத்தின் பொருட்டே.

ஸ்கேனோடு சேர்ந்து பேசும் இரத்தப் பரிசோதனைகள்

படம் பாதி உண்மையையே காட்டும். மீதிப் பாதி தாயின் இரத்தத்தில் உள்ளது.

முதலாவது, இரத்த வகை. தாய் ஆர்.எச். நெகட்டிவ் ஆகவும் குழந்தை பாசிட்டிவ் ஆகவும் இருந்து, முந்தைய பிரசவத்திலோ கருச்சிதைவிலோ குழந்தையின் இரத்தம் தாயின் உடலில் சிறிது கலந்திருந்தால், தாயின் உடல் அதனை அயலானாகக் கருதி எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அப்புரதங்கள் அழிக்கத் தொடங்கும். ‘இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட்’ அதாவது ஐ.சி.டி. என்னும் பரிசோதனை இதனைக் காட்டும். இந்தியாவில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பேர் ஆர்.எச். நெகட்டிவ். கணவரும் நெகட்டிவ் என்றால் குழந்தையும் நெகட்டிவ், ஆர்.எச். காரணமாக அச்சமில்லை. ஆகவேதான் கணவரின் இரத்த வகை கேட்கப்படுகிறது. காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கல் மீன்பிடிப்புக்குச் சென்றிருப்பவராயினும், துறைமுகத்தில் இரவுப் பணியில் இருப்பவராயினும், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அவருடைய இரத்த வகையைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

தாய் பாசிட்டிவ் என்பதால் மட்டும் இவ்வகை எதிர்ப்பு இல்லை என்று சொல்லிவிட இயலாது. அரிதாக வேறு இரத்த வகைக் கூறுகளுக்கும் எதிர்ப்பு உருவாகும். 2023ஆம் ஆண்டில் புது டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த செய்தி இதற்குச் சான்று. ஏழு கர்ப்பங்களை இழந்த ஒரு பெண்ணின் எட்டாவது கர்ப்பத்தில், ஆர்.எச். 17 என்னும் மிக அரிய வகையே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஏற்ற இரத்தம் இந்தியாவில் கிடைக்காமையால் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்திடமிருந்து வரவழைக்கப்பட்டு, கருவிலிருந்த குழந்தைக்கு ஏற்றப்பட்டது. குழந்தை உயிருடன் பிறந்தது. காரணத்தின் பெயர் தெரிந்த பின்னரே அத்தாய்க்கு வழி திறந்தது.

இரண்டாவது, தொற்றுகள். பார்வோ பி19 என்னும் வைரஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலையும் கன்னச் சிவப்பையும் தந்து தானே நீங்கிவிடும். ஆனால் தாய்க்கு முதன்முறையாகத் தொற்றிக் கருவை அடைந்தால், குழந்தையின் சிவப்பணு உற்பத்தியை அது நிறுத்திவிடக்கூடும். அத்தகைய தொற்று உறுதியானால் அடுத்த 8 முதல் 12 வாரங்கள் வரை டாப்ளர் மூலம் கண்காணிப்பார்கள். சிஃபிலிஸ் என்னும் பால்வினைத் தொற்றும் கருவில் இரத்தசோகையையும் நீர்க்கோப்பையும் உண்டாக்கும். அது பென்சிலின் ஊசிக்குக் கட்டுப்படுவது. அதற்கான பரிசோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகச் செய்யப்படுவதாகும். ஒருவரின் ஒழுக்கத்தை ஐயுறுவதாகாது. கணவர் மனைவி இருவரும் சிகிச்சை பெற்றால்தான் பயன் நிலைக்கும்.

மூன்றாவது, குழந்தையின் இரத்தம் தாயின் உடலுக்குள் பெருமளவில் கசிந்துவிட்டதா என்பதை அறியும் பரிசோதனை. வயிற்றில் அடிபட்டிருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்திருந்தாலோ மறவாமல் சொல்லுங்கள்.

நான்காவது, மரபுக் காரணங்கள். தாய்மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது நம்மிடையே வழக்கம். நெருங்கிய உறவில் மணந்தவர்களுக்கு, இருவரும் அறியாமல் சுமக்கும் ஒரே மரபுக் குறை குழந்தையில் வெளிப்படும் வாய்ப்புக் கூடுதல். நீர்க்கோப்பை உண்டாக்கும் சில வளர்சிதை மாற்ற நோய்கள் அத்தகையவை. குரோமோசோம் மாறுபாடுகளும் காரணமாகலாம். குறிப்பாக, கர்ப்பத்தின் முற்பகுதியில் தோன்றும் நீர்க்கோப்பில். இவற்றை அறியப் பனிக்குட நீர்ப் பரிசோதனை தேவைப்படும். உறவுமுறைத் திருமணம் பற்றிக் கேட்டால் தயங்காமல் கூறுங்கள். அது குற்ற விசாரணையன்று.

ஆலைப்புகையா காரணம்?

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் மக்கள் இக்கேள்வியைக் கேட்பது இயல்பே. காற்று மாசு, குறைந்த எடையோடு பிறப்பதற்கும் குறைமாதப் பிரசவத்திற்கும் ஒரு காரணி என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆதலால் தூய காற்றைக் கோருவது நியாயமானதே. ஆனால் நீர்க்கோப்பின் அறியப்பட்ட காரணங்கள் மேலே கூறியவை. “இந்தக் காற்றுதான் காரணம்” என்று முடிவு செய்துவிட்டு இரத்தப் பரிசோதனையையும் விரிவான ஸ்கேனையும் விட்டுவிட்டால், குணப்படுத்தக்கூடிய ஒரு காரணம் கண்ணில் படாமலே போய்விடக்கூடும்.

கருவிலேயே இரத்தம் ஏற்றும் சிகிச்சை

இரத்தசோகைதான் காரணம் என்று உறுதியானால், பிறக்கும் முன்னரே குழந்தைக்கு இரத்தம் ஏற்ற இயலும். 1963ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்னும் மருத்துவர் இதனை முதன்முதலில் செய்து வெற்றி கண்டார். அக்காலத்தில் எக்ஸ்ரே படத்தின் துணைகொண்டு குழந்தையின் வயிற்றறைக்குள் இரத்தத்தைச் செலுத்தினார்கள். 1980களில் அல்ட்ராசவுண்ட் படத்தை நேரடியாகப் பார்த்துக்கொண்டே தொப்புள்கொடியின் சிரைக்குள் ஊசியைச் செலுத்தும் முறை வளர்ந்தது. இன்று கையாளப்படுவது அதுவே.

தாய் விழித்தே இருப்பார். ஊசி நுழையும் இடம் மட்டும் மரத்துப்போக மருந்து தரப்படும். முதலில் குழந்தையின் இரத்தத்தில் சில துளிகள் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கப்படும். டாப்ளர் சொன்னது மெய்யா என்பது அப்போதுதான் உறுதியாகிறது. பின்னர், தாயின் இரத்தத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்டு, கதிரூட்டிப் பதப்படுத்தப்பட்ட, கெட்டியான ஓ நெகட்டிவ் சிவப்பணுக்கள் மெல்லச் செலுத்தப்படும். 24 வாரக் குழந்தையின் உடலிலும் நஞ்சுக்கொடியிலும் ஓடும் மொத்த இரத்தமே ஒரு சிறிய தேநீர்க் குவளை அளவுதான். எனவே ஏற்றப்படும் அளவு கணக்கிட்டுச் சிறிது சிறிதாகவே தரப்படுகிறது. எதிர்ப்புப் புரதங்கள் காரணமாயின், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ 34 அல்லது 35ஆம் வாரம் வரை இதனைத் தொடர வேண்டியிருக்கும். பார்வோ வைரஸ் காரணமாயின் ஓரிரு முறையே பெரும்பாலும் போதும்.

இதில் இடர் இல்லாமல் இல்லை. இரத்தக்கசிவு, தொற்று, குழந்தையின் இதயத்துடிப்புக் குறைதல், அரிதாக உயிரிழப்பு ஆகியன நேரலாம். ஏற்கெனவே நீர் கோத்திருக்கும் குழந்தைக்கு அவ்விடர் கூடுதல். ஆனால் பயிற்சி மிக்க கைகளில் பெரும்பான்மைக் குழந்தைகள் பிழைக்கின்றன. நெதர்லாந்தின் லெய்டன் நகர மருத்துவர்கள், இச்சிகிச்சை பெற்றுப் பிறந்து வளர்ந்த 291 பிள்ளைகளைப் பரிசோதித்து 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கடுமையான வளர்ச்சிக் குறைபாடு ஏறத்தாழ நூற்றில் ஐவருக்கே காணப்பட்டது. கருவில் கடும் நீர்க்கோப்பு இருந்த பிள்ளைகளிடம் அந்த வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. நீர் கோக்கும் முன்னரே கண்டறிய வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணம் இங்கே விளங்கும்.

இச்சிகிச்சை எல்லா மகப்பேறு மருத்துவமனைகளிலும் செய்யப்படுவதன்று. கருநல மருத்துவத்தில் தேர்ந்தவர்கள் உள்ள மையங்களிலேயே செய்யப்படும். பரிந்துரைக் கடிதம் தரப்பட்டால் அன்றோ மறுநாளோ புறப்படுங்கள். நல்ல நாள் பார்த்தும், வளைகாப்பு முடியட்டும் என்று எண்ணியும் தள்ளிப்போட வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்பதை அறிவீர்கள். குறித்த நேரத்திற்குச் சேரும்படி முன்னதாகவே கிளம்புங்கள்.

காரணம் வேறாக இருந்தால்

இதயத்தின் அதிவேகத் துடிப்புக்குத் தாய்க்கு மருந்து தரப்படுகிறது; அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைந்து துடிப்பைச் சீராக்குகிறது. நெஞ்சறையில் தேங்கிய நீரை வடிக்க நுண்குழாய் பொருத்தலாம். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரின் சில சிக்கல்களுக்கு லேசர் சிகிச்சை உண்டு. குணப்படுத்த இயலாத கடும் குறைபாடு என்று தெரியவந்தால், கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதைத் தாயே முடிவு செய்யலாம். 24 வாரத்திற்குப் பிந்தைய நிலையில், 2021ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மருத்துவக் குழு ஆராய்ந்து அனுமதி அளிக்க வேண்டும். எந்த முடிவாயினும் அவசரமோ வற்புறுத்தலோ இன்றி எடுக்கப்பட வேண்டும்.

தாயின் உடலையும் கவனியுங்கள்

குழந்தையின் உடலில் நீர் கோத்திருக்கும்போது அரிதாகத் தாயின் உடலும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல வீங்கத் தொடங்கும். இரத்த அழுத்தமும் ஏறக்கூடும். 1892ஆம் ஆண்டிலேயே எடின்பரோ மருத்துவர் பாலன்டைன் இதனைக் குறித்துள்ளார். முகமோ கைகளோ திடீரென வீங்கினால், எடை விரைந்து ஏறினால், தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத்திணறல் ஏற்பட்டால், “கர்ப்ப வீக்கந்தானே” என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

குழந்தை பிழைக்காதபோதும்

எல்லா முயற்சிகளுக்குப் பின்னும் சில குழந்தைகளைக் காக்க இயலாமல் போகிறது. அந்த வேளையில் பரிசோதனையைப் பற்றிப் பேசுவதே கொடிதாகத் தோன்றும். எனினும் அன்று எடுக்கப்படும் குழந்தையின் இரத்தம், நஞ்சுக்கொடிப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை, பெற்றோர் இசைந்தால் உடற்கூறாய்வு ஆகியவை அடுத்த கர்ப்பத்திற்கான வழிகாட்டிகள். காரணம் தெரியாமல் வீடு திரும்பும் தாய் அடுத்த முறையும் அதே அச்சத்தோடு வருகிறார். காரணம் தெரிந்தவருக்கு எந்த வாரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஆர்.எச். நெகட்டிவ் தாய்மார்கள் ஒன்றை மறக்கக்கூடாது. எதிர்ப்புப் புரதம் இன்னும் உருவாகாதவர்களுக்கு, 1968 முதல் பயன்பாட்டிலுள்ள ‘ஆன்டி-டி’ ஊசி பாதுகாப்பளிக்கிறது. 28ஆம் வாரத்திலும், பாசிட்டிவ் குழந்தை பிறந்த 72 மணி நேரத்திற்குள்ளும் அது தரப்பட வேண்டும். கருச்சிதைவு, கருக்கலைப்பு, இரத்தப்போக்கு, வயிற்றில் அடிபடுதல் ஆகியவற்றுக்குப் பின்னும் தேவையா என்று கேட்டுப் பெறுங்கள். துயரத்தில் அவசரமாக வீடு திரும்பும் குடும்பங்கள் இந்த ஊசியைத் தவறவிடுவதுண்டு. எதிர்ப்புப் புரதம் உருவான பின்னர் இவ்வூசியால் பயனில்லை.

வரும்போது கையோடு கொண்டுவர வேண்டியவை

• தாய்சேய் நல அட்டை, பிக்மி எண், முதல் மூன்று மாத ஸ்கேன் உள்பட எல்லா ஸ்கேன் அறிக்கைகளும்.
• கணவன் மனைவி இருவரின் இரத்த வகைச் சீட்டுகள், ஐ.சி.டி. முடிவு.
• முந்தைய பிரசவம், கருச்சிதைவு, இரத்தம் ஏற்றியது பற்றிய தாள்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்ந்திருந்தால் அவ்வூர் மருத்துவமனைத் தாள்களையும் வரவழையுங்கள்.
• உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டு.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

• குழந்தையின் மூளைத் தமனி வேகம் அளக்கப்பட்டதா? அது எத்தனை மடங்கு?
• காரணம் இரத்தசோகையா, வேறா? இன்னும் என்ன பரிசோதனை மீதமுள்ளது?
• கருநல மருத்துவ மையத்திற்குச் செல்ல வேண்டுமா? எத்தனை நாளுக்குள்?
• எந்த அறிகுறி தோன்றினால் நள்ளிரவாயினும் வர வேண்டும்?

இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள். விடைகளையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் கேட்டவை மறந்துபோவது இயல்பு. விளங்காததை மீண்டும் கேட்பதில் தவறில்லை. கூடவருபவர் ஒருவர் பொறுமையுடன் உடனிருந்து கேட்டால் பெருந்துணை. குழந்தையின் உடலில் நீர் ஏன் கோத்தது என்பதற்குத் தாயைப் பார்த்து விடை தேடாதீர்கள். ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் தேடுவோம், நாள் கடத்தாமல் தேடுவோம்.